கணக்குக்கு மேல ஒரு சைஸ்

வெள்ளிக்கிழமை காலையில் சமையலறைச் சுவரைத் துடைப்பது ஹயாத் பாஷாவின் வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் மனைவி முனவ்வர் பேகம் இட்லிக்கு மாவு அரைப்பாள். கிரைண்டர் சுற்றுகிற சுற்றில் மாவு நாலா பக்கமும் தெறிக்கும். மறுநாள் விடிவதற்குள் அது சுவரில் பொருக்குத் தட்டி, கத்தியால் சுரண்டினால்தான் வருவேன் என்று ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கிரைண்டரோடு வந்த மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு அதைவிடப் பெரியதை மாட்டியவர் ஹயாத் பாஷாதான். ஆகையால் ஸ்டூல் மேல் ஏறி நின்று சுரண்டுகிற வேலையும் அவருக்கே என்று வீட்டில் எப்போதோ தீர்ப்பாகிவிட்டது.

"மாவு எவ்ளோ சீக்கிரம் அரைபடுது, பாத்தியா?" என்று அவர் இன்றைக்கும் ஸ்டூல் மேலிருந்து கேட்பார்.

"பாத்தேன். ஃபேன் வரைக்கும் பாத்தேன்," என்பாள் முனவ்வர்.

மேல்விஷாரத்தில் ஒரு டேனரியில் மோட்டார் பிட்டராகச் சேர்ந்தபோது ஹயாத் பாஷாவுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. இப்போது தாடி முழுக்க நரைத்துவிட்டது. தோல் பதனிடுகிற இடத்தில் உயிர்நாடி டிரம். ஒரு சிறு அறை அளவுக்குப் பெரிய மரப் பீப்பாய் அது. அதற்குள் தோலையும் தண்ணீரையும் மருந்தையும் போட்டு மணிக்கணக்கில் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிற்கிற டிரம்மில் ஈரத்தோல் மொத்தமும் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை முதல் சுற்றுக்குத் தூக்கி எழுப்புவதற்குள் மோட்டார் பாடு பெரும்பாடு. அவர் வேலைக்குச் சேர்ந்த வருஷமே, கணக்குப் பார்த்துக் கச்சிதமாக மாட்டிய மோட்டார் ஒன்று அந்த முதல் சுற்றைத் தாங்காமல், உள்ளேயிருக்கும் கம்பிச் சுருளான காயில் எரிந்து போயிற்று. மாற்று மோட்டார் வருவதற்குள் உள்ளே கிடந்த தோல் சூடேறிக் கெட்டது. ஒரு டிரம் நிறையத் தோலைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். அந்த நாற்றம் மூக்கை விட்டுப் போவதற்கு முன்பே ஹயாத் பாஷா ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்: கணக்கு எது சொன்னாலும் சரி, அதற்கு மேல ஒரு சைஸ்.

அந்தச் சூத்திரம் அவரைக் கைவிடவே இல்லை. அவர் மாட்டிய மோட்டார் எதுவும் எரிந்ததாகச் சரித்திரம் கிடையாது. டேனரிக்கு வெளியேயும் பேர் பரவியது. பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டிக்கு, வாஹித் பாஷாவின் மாவு மில்லுக்கு, பக்கத்து ஊர்களில் போர்வெல்லுக்கு, கிணற்றுக்கு என்று யார் மோட்டார் வாங்கப் போனாலும், "ஹயாத் பாயைக் கேட்டுட்டியா?" என்பதுதான் முதல் கேள்வி. போன வருஷம் டேனரியில் புது டிரம்கள் வந்தன. அவற்றோடு அவற்றைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனி ஆட்களும் வந்தார்கள். ஹயாத் பாஷாவை வாரத்துக்கு மூன்று நாள் வந்தால் போதும் என்றார்கள். அதில் அவருக்குப் பெரிய வருத்தமில்லை, முட்டிவலிக்கு அதுவும் நல்லதுதான். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் ஊரில் நிற்காமல் இருக்க வேண்டும். தெருவில் நடந்து போகும்போது நாலு பேர் நிறுத்தி எத்தனை ஹெச்பி மோட்டார் என்று கேட்கவில்லை என்றால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் சுவரைப் பாதி சுரண்டியிருக்கையில் கலையரசி வந்தாள், பின்னாலேயே அவள் புருஷன் கிருஷ்ணராஜ். அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கத்துக்காரர்கள். கலையரசி முன்பு இதே டேனரியில் பினிஷிங் செக்‌ஷனில் இருந்தாள், கம்பெனி வேனில் வந்து போவாள். வேலையை விட்டபின் ஊர் ஏரியில் மீன் குத்தகை எடுத்துத் துணிந்து இறங்கியவள். கிருஷ்ணராஜ் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறான். மீனை வேலூர் மார்க்கெட்டில் சேர்ப்பது அவன் பொறுப்பு.

"ஸ்டூல விட்டு எறங்குங்க பாய். ஒரு மோட்டார் விஷயம்," என்றாள் கலையரசி.

ஹயாத் பாஷாவை ஸ்டூலிலிருந்து இறக்க உலகத்தில் அதைவிட நல்ல காரணம் இல்லை.

"இன்னா மோட்டாரு? போருக்கா, கெணத்துக்கா?"

"போட்டுக்கு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். படகு மோட்டாரை அவர் வாழ்க்கையில் தொட்டதில்லை. பாலாற்றில் தண்ணீர் வருவதே அபூர்வமாக இருக்கும்போது இங்கே யார் அதை வைத்திருந்தார்கள்? ஆனாலும் முகத்தில் அது தெரியவில்லை.

கலையரசி விவரம் சொன்னாள். மழை நன்றாகப் பெய்து ஏரி தளும்பி நிற்கிறது. மீன் எல்லாம் அக்கரையில் மலையடிவாரத்துப் பக்கம் கிடக்கிறது. அங்கே போய் வலையெடுத்துத் துடுப்புப் போட்டு இக்கரைக்கு வருவதற்குள் வெயில் ஏறி, மீன் கண் வெளுத்து, மார்க்கெட்டில் மூக்கைப் பிடிக்கிறார்கள். பழவேற்காட்டில் ஒருவரிடம் பன்னிரண்டு அடி ஃபைபர் படகு ஒன்று பிடித்திருக்கிறார்கள். அவரிடமே பழைய மோட்டார் இரண்டு இருக்கின்றன. ஒன்று ஆறு ஹெச்பி, ஒன்று பதினைந்து. இரண்டையும் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டிப் பாருங்கள், பிடித்ததை வைத்துக்கொண்டு வேண்டாததை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

"அவரு ஆறே போதும்ங்கறாரு பாய்," என்றான் கிருஷ்ணராஜ்.

"அவரு சொல்வாரு. நீங்க சொல்லுங்க பாய்," என்றாள் கலையரசி.

"போட்டுல இன்னா ஏத்துவ?"

"மீனு, வலை, ஐஸ் பொட்டி. நானு, இவரு."

ஹயாத் பாஷா கண்ணை மூடினார். மோட்டார் விஷயத்தில் அவர் கண்ணை மூடினால் யாரும் பேசக் கூடாது என்பது அந்த வட்டாரத்து வழக்கம். கிருஷ்ணராஜ் மூச்சைக்கூட மெல்ல விட்டான்.

"ஆறு தாராளமா இழுக்கும். ஆனா கணக்குக்கு மேல ஒரு சைஸ் இருந்தாத்தான் மோட்டாருக்கு மூச்சு வாங்காது," என்றார்.

"ஆறுக்கு மேல ஒரு சைஸ்னா ஏழரை ஆச்சே பாய்."

"உனக்கு ஏழரை வேணுமா?"

"வேணாம் பாய். எனக்கு ஏற்கெனவே நடந்துனு இருக்குது," என்று கிருஷ்ணராஜ் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"அப்ப பதினஞ்சைக் கண்ண மூடினு வெச்சிக்கோ."

முனவ்வர் டீ கொண்டு வந்து வைத்தாள். "தண்ணியிலயே பொழைக்கிற மனுஷன் ஆறுன்னு சொல்றாரே. அவருக்குத் தெரியாதா?"

"அவரு கடல்ல ஓட்றவரு. கடல்ல அலையே பாதி தூரம் தள்ளிடும். ஏரித் தண்ணி சோம்பேறி, சும்மா கெடக்கும். அதைத் தள்றதுக்குத்தான் பவர் ஜாஸ்தி வேணும்."

அது அந்த நிமிஷம் அவருக்குத் தோன்றியது. சொல்லி முடித்ததும் அவருக்கே பிடித்துப் போயிற்று. கலையரசி, அதானே, என்று தலையை ஆட்டினாள். விஷயம் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில் இரண்டு மோட்டார்களும் சாக்கு விரித்துப் படுக்க வைக்கப்பட்டிருந்தன. ஆறைக் கிருஷ்ணராஜ் ஒருத்தனே தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். பதினைந்தை இரண்டு பேர் சேர்ந்து முக்கித் தூக்க வேண்டியிருந்தது. படகு ஒடுக்கமாக, இரண்டு பக்கமும் குறுகி, பார்க்க லட்சணமாக இருந்தது. அதன் பின்பலகையில் பதினைந்தை மாட்டித் திருகை இறுக்கியதுமே படகின் பின்பக்கம் தண்ணீரில் இறங்கி, முன்மூக்கு லேசாக மேலே தூக்கிக்கொண்டது.

"பாய், பின்னால சாயுதே," என்றான் கிருஷ்ணராஜ்.

"டிரம்முல தோல் போட்டா அடியில போய்ப் படுக்கும். சுத்த ஆரம்பிச்சா சரியாய்டும். நீ ஸ்டார்ட் பண்ணு."

கலையரசி முன்னால், ஹயாத் பாஷா நடுவில், கிருஷ்ணராஜ் பின்னால் மோட்டாரோடு. மோட்டார் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஹயாத் பாஷாவின் முகம் மலர்ந்தது. நல்ல சத்தம், கனமான சத்தம். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர்கூட எழுந்து நின்று பார்த்தார்.

"ஸ்பீடு குடு," என்றார் ஹயாத் பாஷா.

கிருஷ்ணராஜ் கொடுத்தான். பின்பக்கம் தண்ணீருக்குள் குழி பறித்துக்கொண்டு உட்கார்ந்தது. முன்பக்கம் எழும்பியது, எழும்பிக்கொண்டே போயிற்று.

"பாய், எனக்கு ஏரியே தெரியல. வானந்தான் தெரியுது," என்றாள் கலையரசி மேலேயிருந்து.

"பயப்படாத, ஸ்பீடு எடுத்தா எறங்கிடும். இன்னும் குடு கிருஷ்ணா."

இன்னும் கொடுத்தான். மோட்டார் உறுமியது, பின்னால் நுரை மலையாகக் குவிந்தது. வேகம் மட்டும் எங்கேயோ ஒளிந்துகொண்டது. ஹயாத் பாஷா நான்கு காலில் தவழ்ந்து முன்னால் போய்ப் படகின் மூக்கை அமுக்கிப் பார்த்தார். அவர் உடம்பு அதற்குப் போதவில்லை. பின்பலகை விளிம்பை ஒட்டித் தண்ணீர் ஓடுவதைக் கண்ட கிருஷ்ணராஜ் பயந்துபோய்ச் சட்டென்று வேகத்தைக் குறைத்தான். குறைத்ததும், இத்தனை நேரம் படகே பின்னால் எழுப்பிவிட்டிருந்த அலை சாவகாசமாக வந்து, பலகை மேல் ஏறி, உள்ளே இறங்கியது. மோட்டார் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மூன்று பேரும் முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் படகுக்குள் இருந்தது.

வாளியாலும், ஐஸ் பெட்டி மூடியாலும், கடைசியில் ஹயாத் பாஷாவின் டிபன் பாக்ஸாலும் இறைத்து, துடுப்புப் போட்டுக் கரை வந்தார்கள். நல்லவேளையாக வெகுதூரம் போயிருக்கவில்லை.

"இன்னா பாய், போட்டு பிஸ்கட்டு கேக்கற நாயாட்டம் குந்திக்கிச்சே," என்றார் ஆட்டுக்காரர்.

கலையரசி புடவைத் தலைப்பைப் பிழிந்தபடி ஆட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். "மோட்டாருக்கு இன்னா கொற? சத்தத்தக் கேட்டியா நீ? போட்டுதான் சரியில்ல."

அது ஹயாத் பாஷாவே எதிர்பார்க்காதது.

"பாய் சொன்ன மோட்டாரைத் தாங்கற தெம்பு இதுக்கில்ல. பின்னால பலகையை ஒசத்தி இரும்புத் தகடு வெச்சிக்கலாம். மூக்குல மணல் மூட்டை ரெண்டு போட்டா அடங்கிக் கெடக்கும். ஆம்பூர்ல ஒரு ஃபேப்ரிகேஷன்காரன் எனக்குத் தெரியும். இன்னா பாய் சொல்றீங்க?"

"செஞ்சிக்கலாம்," என்றார் ஹயாத் பாஷா. வாய் சொல்லிவிட்டது. சொன்னதும் மனசு ஒரு நிமிஷம் லேசாகக்கூட ஆயிற்று.

வீட்டில் இந்தக் கதையை அவர் நன்றாகவே சொன்னார். நாய் குந்தினது, டிபன் பாக்ஸில் தண்ணீர் இறைத்தது எல்லாவற்றையும் அபிநயத்தோடு சொல்ல, முனவ்வர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்.

"கலைக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"விடிகாலைல அவங்க ரெண்டு பேருதானே அக்கரைக்குப் போவாங்க?"

"ஆமா."

"மீனும் ஏத்தி, மணல் மூட்டையும் ஏத்தி, தகடும் அடிச்சி."

அவள் அதற்கு மேல் பேசாமல் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். ஹயாத் பாஷாவுக்குத்தான் அடுத்த இரண்டு நாளும் அந்த வெங்காயம் கண்ணிலேயே இருந்தது. படகு நடு ஏரியில் உட்கார்ந்தால் கலையரசி என்ன செய்வாள்? ஆறு போதும் என்று போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் ஊருக்குத் தெரியும். ஹயாத் பாய் சொன்ன மோட்டாரைக் கழற்றிவிட்டு வேறு மாட்டினார்கள் என்பது அணைக்கட்டிலிருந்து மேல்விஷாரம் வந்து சேர ஒரு பஸ் போதும். அதற்குப் பிறகு தெருவில் யார் அவரை நிறுத்திக் கேட்பார்கள்?

செவ்வாய்க்கிழமை டேனரியில் ஒரு டிரம் பக்கத்தில் நின்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரம்மின் கால்கள் கான்க்ரீட்டுக்குள் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தன. எத்தனை பவர் கொடுத்தாலும் அது எங்கே போகும்? சுற்றத்தான் வேண்டும். படகை எதோடு போல்ட் போட்டிருக்கிறது? அவர் தாடியைச் சொறிந்துகொண்டு கிருஷ்ணராஜுக்குப் போன் போட்டார்.

புதன்கிழமை கலையரசி வலை வாங்க வேலூர் போயிருந்த நேரமாகப் பார்த்துக் கிருஷ்ணராஜ் ஆறை மாட்டி வைத்திருந்தான். ஏரி பார்க்க வேண்டும் என்று முனவ்வரும் பிளாஸ்க்கோடு கிளம்பி வந்துவிட்டாள். மீன் எடைக்குத் தீவன மூட்டைகளைப் போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஆறின் சத்தம் தையல் மிஷின் மாதிரி இருந்தது. ஹயாத் பாஷாவுக்கு அந்தச் சத்தம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் படகு மூக்கைத் தூக்காமல், வாலைப் புதைக்காமல், பாயில் படுத்த குழந்தை போலத் தட்டையாகப் போயிற்று. முனவ்வர் மூன்று டம்ளரில் டீ ஊற்றினாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. மலையடிவாரம் பக்கத்தில் வந்துவிட்டது.

"பாய், அன்னிக்கிப் பதினஞ்சுல போனதுக்கும் இதுக்கும் வேகத்துல பெருசா வித்தியாசம் தெரியலையே," என்றான் கிருஷ்ணராஜ்.

"தெரியாது. இது துடுப்புப் போடறதுக்குன்னு செஞ்ச ஒடம்பு. இதால போவ முடிஞ்ச வேகம் இவ்ளோதான். அதுக்கு மேல குடுக்கற பவர் எல்லாம் பின்னால குழி தோண்டறதுக்குத்தான் போவுது." சொல்லச் சொல்ல அவருக்கே சுவாரசியம் பிடித்துக்கொண்டது. "டிரம்மைத் தரையில போல்ட் போட்டிருக்கோம், பவரு தோலைப் பொரட்டுது. இதை யாரு போல்ட் போட்டாங்க? அதான் பவரு போட்டையே பொரட்டுது. மோட்டாரோட எடை வேற பின்னாலயே தொங்குது."

"கிரைண்டரையும் தரையில போல்ட் போட்டிருக்கலாம்," என்றாள் முனவ்வர், தண்ணீரில் கையை விட்டுக்கொண்டே.

கிருஷ்ணராஜ் சிரித்தான். ஹயாத் பாஷாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

"அப்ப நீ கலைகிட்ட சொல்லிடு, ஆறே போதும்னு," என்றார்.

"நானா? நல்லா சொன்னீங்க பாய். பழவேற்காட்லயே நான் ஆறுன்னு சொன்னேன், வாய மூடுன்னுட்டா. போட்டுக்காரரு சொன்னாரு, கேக்கல. பாய் சொன்னா பாய் சொன்னதுதான். சாமியே வந்து ஆறுன்னு சொன்னாலும், ஹயாத் பாயைக் கேட்டுட்டு வான்னு அனுப்புவா. நீங்கதான் சொல்லணும்."

வேறு நாளாக இருந்தால் இந்த வார்த்தைக்கு அவர் ஒரு வாரம் மிதந்திருப்பார்.

சொல்லத்தான் வேண்டும் என்று வியாழக்கிழமை நினைத்தார். வெள்ளிக்கிழமை சுவரைச் சுரண்டும்போது நினைத்தார். போனை எடுத்தார், வைத்தார். சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் குட்டியானை வந்து நின்றது. கலையரசி ஒரு பெரிய கட்லா மீனை முனவ்வரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். கிருஷ்ணராஜ் கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து, உங்கள் பாடு, என்பதுபோல் ஹயாத் பாஷாவைப் பார்த்தான்.

"ஆறை வண்டியில ஏத்தியாச்சு பாய். இப்படியே பழவேற்காடு அனுப்பிடறோம். நாளைக்கி ஃபேப்ரிகேஷன்காரன் வர்றான், தகடு அடிக்க. போற வழியில உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்," என்றாள்.

ஹயாத் பாஷா தொண்டையைச் செருமினார். "ஆறும் நல்ல மோட்டார்தான்."

"நல்ல மோட்டார்தான் பாய். யாராவது வாங்கிக்குவாங்க."

"பெட்ரோல் கம்மியா குடிக்கும்."

"பெரிய மோட்டாரை மெதுவா ஓட்னா சூடு ஆவாது, ரொம்ப நாள் வரும்னு நீங்கதானே டேனரில சொல்வீங்க? நாங்க மெதுவா ஓட்டிக்கறோம்."

"தூக்கறதுக்கு லேசு. அதைச் சொல்றேன்."

"இவரு எதுக்கு இருக்காரு?"

கிருஷ்ணராஜ் தான் எதற்கு இருக்கிறோம் என்று யோசிப்பதுபோல் மேலே ஃபேனைப் பார்த்தான். முனவ்வர் டீயை வைத்துவிட்டு அடுக்களைக்குத் திரும்பாமல் அங்கேயே சுவரில் சாய்ந்து நின்றாள்.

"யோசிச்சித்தான் வாங்கறியாம்மா? அந்தப் பழவேற்காட்டுக்காரரு..."

"பாய், எனக்கு யோசிக்கவே வேணாம்." கலையரசி வலது கையை விரித்துக் காட்டினாள். "பினிஷிங்ல என் மிஷின்ல பொறி பறந்திச்சே, ஞாபகம் இருக்குதா? சூப்பர்வைசரு ஒண்ணும் ஆவாது ஓட்டுன்னாரு. நீங்க வந்து அணைன்னு குறுக்க நின்னீங்க. யார் பேச்சக் கேக்கறதுன்னு ஒரு நிமிஷம் முழிச்சேன். உங்க பேச்சக் கேட்டேன். மறுநாள் சூப்பர்வைசரு ஓட்டிப் பாக்கறப்ப பெல்ட்டு அறுந்து மிஷின் மூடியே பேந்து போச்சு. இதோ, அஞ்சு வெரலும் இருக்குது. பாய் சொன்னா நான் வேற யோசன பண்றதில்ல."

ஹயாத் பாஷா அந்தக் கையைப் பார்த்தார். இரண்டு விரலில் வலை அறுத்த தழும்பு இருந்தது. தப்பிக்க இருந்த கடைசிக் கதவையும் அவளே சாத்திவிட்டாள்.

"அன்னிக்கிக் கேட்டல்ல? இன்னிக்கும் கேளு," என்றார். "நான் சொன்னது தப்பு."

கலையரசிக்குப் புரியவில்லை. "எது?"

"பதினஞ்சு."

"அப்ப போட்டு?"

"போட்டு மேல ஒரு குத்தமும் இல்ல. தகடு வேணாம், மணல் மூட்டை வேணாம். டிரம்முக்குப் பாக்கற கணக்கைத் தண்ணியில பாத்துட்டேன். அதுக்கு ஆறுதான். பதினஞ்சை மாட்டி நீ லோடு ஏத்தினன்னா, என்னிக்காவது ஒரு நாள் நடு ஏரியில குந்திக்கும். அப்ப டிபன் பாக்ஸ் வெச்சினு நான் பக்கத்துல இருக்க மாட்டேன்."

கலையரசி டீயை ஒரு வாய் குடித்தாள்.

"உங்களுக்கு இது ஞாயித்துக்கிழமையே தெரியுமா பாய்?"

"ஞாயித்துக்கிழமை சந்தேகம். புதன்கிழமை தெரிஞ்சிது. நீ வேலூர் போயிருந்தப்ப ஓட்டிப் பாத்தோம்."

"இன்னிக்கி சனி."

"ஆமா," என்றார் ஹயாத் பாஷா.

கலையரசி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். "உனக்கும் தெரியும்?"

"நான் பழவேற்காட்லயே சொன்னேன்," என்றான் கிருஷ்ணராஜ்.

"அதை விடு. புதன்கிழமை?"

"பாய்தான் சொல்லணும்னு விட்டுட்டேன்."

"அக்கா, உங்களுக்கு?"

"நான் டீ ஊத்தப் போனேன்," என்றாள் முனவ்வர். "தளும்பாம போச்சு. நல்ல மோட்டாரு."

கலையரசி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்றுதான் ஹயாத் பாஷா நினைத்தார். அதற்குத் தயாராக முதுகைக்கூட நிமிர்த்திக்கொண்டார். அவளுக்கோ உதட்டோரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், டீ புரையேறிற்று. "மூணு நாளா மூணு பேரு சேர்ந்து ஒரு வார்த்தைய வாயிலயே வெச்சினு இருந்திருக்கீங்க. வாய் வலிக்கல?" என்று தலையில் தட்டிக்கொண்டே கேட்டாள். பிறகு போனை எடுத்தாள். ஃபேப்ரிகேஷன்காரனிடம் வர வேண்டாம் என்றாள். "ஏன்னா? பாய் வேணாம்னுட்டாரு," என்றாள். அவன் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை போலும், உடனே வைத்துவிட்டாள்.

அந்த 'பாய் வேணாம்னுட்டாரு' ஹயாத் பாஷாவின் காதில் இனிமையாக விழுந்தது. அப்படியொன்றும் கவிழ்ந்துவிடவில்லை. தப்பு என்று சொன்னபிறகும் பேச்சு தன் பேச்சாகத்தான் நிற்கிறது. அவர் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"ஆறை எறக்காத, அப்படியே ஊருக்கு ஓட்டு. பதினஞ்சை நாளைக்கி ஏத்தி அனுப்பிடலாம்," என்று கலையரசி புருஷனிடம் சொன்னாள்.

கிருஷ்ணராஜ் எழுந்திருக்கவில்லை. டீ டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"பாய், ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுப்பா. எப்ப தப்பா நெனைச்சிருக்கேன்?"

"எங்க கெணத்துக்கு ஒரு மோட்டார் சொன்னீங்களே. கடைக்காரன் மூணு போதும்னான், நீங்க அஞ்சு வைன்னீங்க."

"ஆமா. இன்னிக்கு வரைக்கும் காயில் எரிஞ்சிருக்கா?"

"எரியல பாய். ஆனா போட்ட கொஞ்ச நேரத்துலயே கெணத்துல இருக்கற தண்ணி மொத்தத்தையும் உறிஞ்சிட்டுக் காத்த இழுக்குது. அப்பால ஊறி வர்ற வரைக்கும் நாங்க குந்தினு இருக்கணும். மோட்டாரு பாய் சொன்னது, கெணறுதான் சரியில்லன்னு கலை சொல்லிச்சி. போன கோடையில ஆளு வுட்டு, பாறைக்கு வெடி வெச்சி, கெணத்த இன்னும் ஆழம் பண்ணினோம்." அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "அதுவும் ஒரு சைஸ் ஜாஸ்தியா பாய்?"

கலையரசி சிரிப்பை நிறுத்திவிட்டு ஹயாத் பாஷாவைப் பார்த்தாள். முனவ்வரும் பார்த்தாள்.

ஹயாத் பாஷா மெதுவாக எழுந்தார். டீப்பாயிலிருந்த டம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கிருஷ்ணராஜின் டம்ளரில் பாதி டீ அப்படியே இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் நடந்தார்.